நெடுங்கணக்கும் கணினிக் கணக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மயிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும், படித்ததைப் பகுத்து ஆய்ந்தும் பத்தாண்டுகளைக் கடந்திருக்கிறது நம் வட்டம். இவ்விழாவில் “கணினியும் கவிதையும்” என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். அத்துணைப் பெரிய பொருளைப் பேச எனக்குத் தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. எனவே அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய ஒரு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பல்கலைக்கழகத் துறை ஒன்றில், கணினியைப் பயன்படுத்தக் “கணக்கு” ஒன்று வேண்டும் என்று எழுதிய விண்ணப்பம் அது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். கணக்கு என்றவுடன் இன்று நமக்கு வங்கியும் வரவுசெலவும் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல் எழுத்தோடும் நூலோடும் கல்வியோடும் உறவு பூண்டது. பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு என்னும் வழக்கில் கணக்கு என்பது நூல். கணக்காயர் என்பவர் ஆசிரியர். நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனவே வழங்கப்பெற்றார். மணிமேகலையில் சமயக் கணக்கர் என்போர் தத்தம் சமய நூல்களில் வல்லவர்கள். இவற்றுக்கெல்லாம் அடியாக நிற்பது நெடுங்கணக்கு. அகர முதல் னகர இறுவாய் வரும் எழுத்து வரிசைக்கே நம் முன்னோர் இட்ட பெயர் அது. ஆக, எழுத்தறிந்தவன் கணக்கு உடையவன் என்று கருதிய மொழி நம் மொழி. அந்த நெடுங்கணக்கைக் கற்பிக்கும் துறையைச் சேர்ந்தவள், ஒரு சிறு கணக்குக்காக வேறொரு துறையின் வாயிலில் நின்ற கதைதான் இது.

கணினிக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். தொடக்கக் காலத்தில் கணினி என்பது ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும் பொறி. அதன் விலையும் பெரிது, அதன் ஒவ்வொரு மணித்துளியின் விலையும் பெரிது. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பட்டோவும் அவர்தம் குழுவினரும், ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். பலர் பங்கிடுவதென்றால் யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்கவும் வேண்டும். அதற்காகவே ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு நேர ஒதுக்கீடு. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் ஆய்வுக்குப் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துப் பிறர் கணக்கிலிருந்து நேரத்தைத் துய்த்தார். கால் நூற்றாண்டு கழித்து அவரே அதனை ஒப்புக்கொண்டார். கடவுச்சொல் பிறந்தது 1961, அது களவு போனது 1962!

நம் சென்னைக்கு வருவோம். கிண்டிக் காட்டை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பெற்றது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருந்த காலம் அது. 1986ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. அதில் முதலில் இணைந்தவை எட்டு இடங்கள். ஐந்து தொழில்நுட்பக் கழகங்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், தில்லியில் அம்மின்னணுவியல் துறை என்பன அவை. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்றுதான் தொடங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் உலகோடு மின்னஞ்சலில் உரையாட விழைந்த ஒருவர், பெரும்பாலும் அறிவியல், பொறியியல் துறைகளில் ஒன்றைச் சார்ந்தவராகவே இருக்க நேர்ந்தது. அந்த எட்டு இடங்களுள் மொழி ஆய்வுக்கென்று அமைந்தது ஒன்றேனும் இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். இதில் எவர் மீதும் எனக்குக் குறை இல்லை. பொறி யாருடைய கூடத்தில் இருந்ததோ, அவர்கள் கையில் சாவி இருந்தது.

அப்படியிருந்தும் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. எப்படி என்பதுதான் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. தமக்குக் கிடைத்த கணினியை வேலைக்கு மட்டும் பயன்படுத்தாமல், மொழிக்கும் பயன்படுத்திய தனி மனிதர்கள் அதனை உள்ளே கொணர்ந்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1990களின் முற்பகுதியில் ஒரு தமிழ் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். அதன் பெயர் ‘மயிலை’. நாம் இன்று கூடியிருக்கும் இவ்வூரின் பெயர், ஆல்ப்சு மலையடிவாரத்து வேதியியல் அறிஞர் ஒருவரின் கணினியிலிருந்து உலகெங்கும் சென்றது! அவரே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ என்னும் மின்னூல் பணியைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி உள்ளிட்டும் மெய்ப்புப் பார்த்தும் தந்த இலக்கியங்கள் அதில் நிறைந்துள்ளன.

கவிஞர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் அடங்கிய இணையத் தொகுப்பு ஒன்றினை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். தமிழ் எழுத்து இணையத்தில் தோன்றிய தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று அது. அதில் தமிழை ஏற்றுவதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியின் விரிவுரையாளர். ‘இணையம்’ என்னும் சொல்லே அவர் வழங்கியது என்பர். 1999இல் அவர் மறைந்தார். தமிழ் இணையத்தின் முதற்படிகளிலேயே கவிதை இருந்தது. அப்படியைக் கட்டியவர் ஓர் எழுத்தாளர். ஆகவே இங்கே நாம் அயலார் அல்லர்.

இனி என் விண்ணப்பத்திற்கு வருகிறேன். 2004ஆம் ஆண்டு. நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. எந்த நிறுவனம் என்பது வேண்டா. அது எங்கும் நிகழ்ந்திருக்கக் கூடியது. என் ஆய்வு, சங்க அகப்பாடல்களில் பொழுது குறித்த சொற்களைப் பற்றியது. ‘மாலை’ என்னும் ஒரு சொல்லுக்கு மட்டும் நான்கு திங்கள் துண்டுச்சீட்டு எழுதினேன். தியாகராய நகரில் நான் தங்கியிருந்த அறையில், மின்விசிறியைச் சுழலவிட்டால் சங்க இலக்கியம் முழுதும் பறக்கும். வேனிலிலும் விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கச் சீட்டு அடுக்கினேன். மதுரைத் திட்டத்தில் பாடல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன என்று ஒரு தோழி சொன்னாள். இணைய மையங்களில் மணிக்கணக்கில் பணம் கொடுத்துப் பார்க்க வசதி இல்லை. எங்கள் வளாகத்திலேயே கணினித் துறை இருந்தது. அங்கே ஒரு கணக்கு இருந்தால் போதும்.

ஆய்வு நெறியாளரின் கையொப்பத்தோடு, தூய தமிழில் ஒரு பக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்த பொறுப்பாளர் முரட்டு மனிதர் அல்லர். அன்பாகத்தான் கேட்டார். “தமிழ்த் துறைக்குக் கணினி எதற்கம்மா? ஆய்வேட்டைத் தட்டச்சுச் செய்யத்தானே? அதற்கு வெளியிலே நிறையக் கடைகள் இருக்கின்றனவே!” பிறகு அச்சிட்ட படிவம் ஒன்றைத் தந்தார். அதில் குடும்பப் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. தமிழர்க்கு ஏது குடும்பப் பெயர்? தந்தை பெயரை எழுதினால் அவர் பெயரில் கணக்குத் திறப்பார்கள் போலிருந்தது. பயன்படுத்துவோர் பெயர் எட்டு எழுத்துக்குள், உரோமன் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும் என்பது அத்துறையின் வழக்கம். என் பெயரிலுள்ள ழகரத்தை எழுத அவ்வெழுத்தில் வழியில்லை. பெயரின் வாலும் வெட்டுண்டது. 247 எழுத்துடைய மொழியின் மாணவி, எட்டு எழுத்தில் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக, “கணக்கு வேண்டப்படும் நோக்கம்” என்று ஒரு வரி. அதில் “ஆய்வு” என்று எழுதினேன். படிவம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நோக்கம் தெளிவாக இல்லையாம்.

அன்று எனக்குச் சினம் வந்தது. ஆனால் அன்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கக் கண்டேன். எனக்குக் கணினி எதற்கு என்பதை நானே தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உரிமை என்று கேட்டேனே ஒழிய, தேவை இன்னது என்று கேட்கவில்லை. மறுநாள் ‘மாலை’ச் சீட்டுகள் முழுவதையும் ஒரு பையில் கட்டி எடுத்துப் போய் அவர் மேசைமேல் வைத்தேன். “ஐயா, நான்கு திங்களில் இவ்வளவு. இன்னும் இருபது சொற்கள் இருக்கின்றன. இதுதான் நோக்கம்” என்றேன். அவர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். கையொப்பமிட்டார்.

கணக்குக் கிடைத்ததும் கதை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது. மதுரைத் திட்டத்துக் கோப்பை இறக்கி ‘மாலை’ என்று தேடினேன். கிடைத்தது. ஆனால் அந்திப்பொழுதும் பூமாலையும் கலந்து கிடைத்தன. பொருள் வேறுபாடு கணினிக்குத் தெரியவில்லை. கடையில் தட்டச்சிட்டு வாங்கிய என் சொந்தக் கோப்பில் தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது. கண்முன்னே திரையில் ‘மாலை’ நிற்கிறது. கணினி இல்லை என்கிறது! ஆய்வகத்தில் பணிசெய்த இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “மேடம், சொல் அங்கேதான் இருக்கிறது. கணினிக்குத்தான் கண் தெரியவில்லை.”

அவர் விளக்கியது இது. கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் அந்நாளில் ஒற்றுமை இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தனி நாடு. ஒரு குறியீட்டில் ‘லை’ என்பதற்குக் கண்ணுக்கு முன்னால் தெரியும் ஐகாரக் குறி முதலிலும் லகரம் பின்னரும் பதிந்திருக்கும். ஒருங்குறியில் லகரம் முதலில், ஐகாரக் குறி பின்னர். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்திருக்கிறார் அல்லவா? ஒருங்குறி அந்த நெறியைத்தான் பின்பற்றுகிறது என்று நான் சொன்னேன். இளைஞர் வியந்து போனார். அன்று முதல் அவர் எனக்குக் கணினி சொல்லிக் கொடுத்தார். நான் அவருக்குப் புணர்ச்சி விதி சொல்லிக் கொடுத்தேன். மாலையும் அந்தியும் கூடி ‘மாலையந்தி’ ஆகும்போது யகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதனைப் பிரிக்க ஒரு சிறு நிரல் எழுதினார். அது பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் பிரித்தது. பிழையானவற்றைத் திருத்த என் சீட்டுகள் உதவின. தமிழ்த் துறைக்குக் கணினி எதற்கு என்னும் கேள்விக்கு மட்டுமே அதுவரை விடை தேடிக்கொண்டிருந்தேன். கணினித் துறைக்குத் தமிழ் எதற்கு என்பதற்கும் அந்த மேசையில் விடை கிடைத்தது.

இந்தக் குறியீட்டுக் குழப்பம் நீங்கக் காலம் பிடித்தது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் நம் சென்னையிலும் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாடுகள் இதனைப் பற்றிப் பேசின. சென்னை மாநாட்டின் பயனாக ‘தமிழ் 99’ விசைப்பலகை வந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது. 2010ஆம் ஆண்டு சூன் திங்களில்தான் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்னர் எழுதப்பட்ட கோப்புகளின் நிலை என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சொல்லப் போவதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

எனக்கு யாப்புக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பணி ஓய்வுக்குப் பின் மகனோடு வெளிநாடு சென்றுவிட்டார். அங்கே பேசத் தமிழர் இல்லாமல் தவித்தவர், மின்னஞ்சல் பழகிக்கொண்டார். அந்தக் கணக்கிற்கு அவர் எனக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதினார். நான் ஒரு வெண்பா அனுப்பினால், தளை தட்டும் இடத்தைச் சுட்டி, தாமும் ஒரு வெண்பாவில் மறுமொழி எழுதுவார். பனியைப் பற்றியும் பேரனின் மழலையைப் பற்றியும் எழுதினார். எந்த இதழுக்கும் அவற்றை அனுப்பவில்லை. “இவை உனக்கு மட்டும் அம்மா” என்பார். நான் மூன்றே மூன்று மடல்களை அச்செடுத்து வைத்திருந்தேன். மற்றவை கணக்கில் பத்திரமாக இருக்கின்றன என்று எண்ணினேன்.

பட்டம் பெற்றேன். வேறொரு கல்லூரியில் பணியில் சேர்ந்தேன். 2011இல் ஆசிரியர் மறைந்தார். நினைவு மலருக்காக அவர் மடல்களைத் தேடிக்கொண்டு, பழைய வளாகத்திற்குப் போனேன். படிப்பு முடித்தவர்களின் கணக்குகள் விதிப்படி ஈராண்டுகளுக்கு முன்னரே நீக்கப்பட்டுவிட்டன. முன்னறிவிப்பு அனுப்பினார்களா என்று கேட்டேன். அனுப்பினார்களாம், அந்தக் கணக்கிற்கே! நான் திறந்து பார்க்காத பெட்டிக்குள் அந்த ஓலையும் விழுந்து, பெட்டியோடு போயிற்று. ஆசிரியர் பக்கத்துப் படிகளைக் கேட்கலாமென்றால், அவர் கடவுச்சொல்லை மகனும் அறியார்.

அவர்கள் மேல் நான் பழி சொல்லவில்லை. விதி விதிதான். கணக்குக் கேட்டு இரண்டு முறை படியேறிய நான், அதற்குள் இருந்த செல்வத்தை எடுத்துவர ஒரு முறை படியேறவில்லை. குற்றம் என்னுடையது. உ.வே.சா. ஏடு தேடி அலைந்த வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் கண்கலங்கச் சொல்கிறேன். பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். கறையான் அரித்த ஏட்டில் எஞ்சிய ஓரமாவது கிடைக்கும். நீக்கிய கணக்கில் எனக்கு ஓரமும் எஞ்சவில்லை.

இது என் ஒருத்தியின் இழப்பன்று. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பிக் கிளப் எனத் தமிழன்பர்கள் கூடி எழுதிய குழுக்கள் யாகூ நிறுவனத்தின் இடத்தில் இயங்கின. 2020ஆம் ஆண்டோடு அச்சேவையே மூடப்பட்டது. ஈராண்டு பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் நான்கு கணக்குகள் இருக்கின்றன. எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆயின் கவிதை நம்முடையது, பெட்டி பிறருடையது என்னும் நிலை மட்டும் மாறவில்லை.

ஆதலின், இந்த விழாவில் வட்டத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது, உறுப்பினர்கள் பலருடைய பழைய கவிதைகள் இன்னும் பழைய எழுத்துருக் கோப்புகளிலும் குறுந்தட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒரு கண் மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒற்று விடுபட்டால் தளை கெடும். என் மாணவியர் இருவர் இப்பணிக்கு இசைந்துள்ளனர்.

இரண்டாவது, வட்டத்தின் மின்னஞ்சல் கணக்கும் கடவுச்சொல்லும் இன்று செயலாளர் ஒருவர் நினைவில் மட்டுமே உள்ளன என்று அறிகிறேன். செயலாளர் நூறாண்டு வாழ்க. இருப்பினும், அதனை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, இன்னும் இருவர் அறிய வட்டத்தின் பதிவேட்டோடு வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மடல்கள் முழுவதையும் படியெடுத்து வேறிடத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ்த் துறைகளில் பணிபுரியும் நண்பர்களுக்கு. கணினித் துறையின் கதவைத் தட்டுங்கள். “எதற்கம்மா?” என்று கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். சீட்டுக்கட்டை எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். எழுத்தை எண்ணாக்கும் கலை அவர்களிடம் உள்ளது. அவ்வெழுத்து எப்படிப் புணரும், எங்கே திரியும் என்பது நம்மிடம் உள்ளது.

என் ஆசிரியரின் மூன்று மடல்களும் இம்மலருக்காக வட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. எனக்கு மட்டும் என்று அவர் எழுதியவற்றை அச்சில் தருவது முறையா என்று பல நாள் தயங்கினேன். எஞ்சியவையேனும் என் மறதிக்குத் தப்ப வேண்டும் என்று துணிந்தேன். அவர் என்னை மன்னிப்பார்.

நெடுங்கணக்கு நமக்கு யாரும் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு தந்ததன்று. தந்தவர்கள் மறைந்தும் அது நம்மிடம் இருக்கிறது. அந்த எழுத்தால் இந்த வட்டத்தில் எழுதப்பட்டவை அடுத்த பத்தாண்டு விழாவிலும் படிக்கக் கிடைக்க வேண்டும் என வேண்டுகிறேன்.